உப்புக் காற்றும் சுண்ணாம்புச் சுவரும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுவைக்குப் புறப்படும் நண்பர்களுக்கு,



சனிக்கிழமை விடியற்காலையில், இருள் பிரியுமுன்பே திருவான்மியூரைக் கடந்து, சமுத்திரத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கி விரைந்து செல்லும் உங்கள் வண்டிகளை, அந்தச் சாலையோரத்துத் தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து நான் பல தடவை பார்த்திருக்கிறேன். உங்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். மஞ்சள் சுவரும், அதன்மேல் கவிந்து கிடக்கும் காகிதப்பூக் கொடியும், வெள்ளை விளிம்பு கட்டிய வளைவு சன்னலும் எங்கோ ஒரு படத்தில் கண்ணில் பட்டு, அவற்றை நேரில் பார்க்க வேண்டுமென்ற ஆசை மனத்தில் முளைத்து, அந்த ஆசையே உங்களை இரவு முழுவதும் சரியாகத் தூங்கவொட்டாமல் எழுப்பிவிட்டிருக்கும். அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஓர் ஊரின்மேல் பிரியம் உண்டாவதற்கு அதன் நிறம் காரணமாக இருந்தால், அது நல்ல ஆரம்பம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நிறம் எதனால் ஆயிற்று, யாருடைய கையால் இன்னமும் அங்கே நிற்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் நான். ஏன் கடமைப்பட்டவன் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசில் பெற்றுத் திரும்புகிற ஒருவன், வறுமையோடு எதிரே வருகிற மற்றொருவனை நிறுத்தி, "இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னார் இருப்பார்கள், இன்னது தருவார்கள்" என்று விஸ்தாரமாக எடுத்துச் சொல்லும் ஆற்றுப்படை என்ற பிரபந்த வகை நம்முடைய பழைய இலக்கியத்தில் உண்டென்பது உங்களுக்குத் தெரியும். பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு வேறு எங்கோ இருப்பதன்று. மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாண்டி நீங்கள் அரைத் தூக்கத்தில் கடந்து செல்கிற சாலையில், பேரூராட்சிப் பெயர்ப்பலகையிலேயே அது எழுதியிருக்கிறது. வள்ளல் நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்குப் புலவர் சொல்லும் வழியில் எயிற்பட்டினம் என்றொரு கடற்கரையூர் வருகிறது. அது இன்றைய மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மரத்தை விறகாக்கி எரித்து, வந்தவர்களுக்குத் தேறலும் சுட்ட மீனும் கொடுக்கிற நெய்தல் நில மக்களைப் புலவர் அங்கே காட்டுகிறார். ஆகவே, இந்தக் கரையோரமாகப் பிரயாணம் செய்து ஊர்களைக் கண்டு மகிழ்வது நேற்று வந்த வழக்கமென்று எண்ணாதீர்கள். ஈராயிரம் ஆண்டுப் பழக்கத்தில் நீங்கள் கடைசியாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள். அந்தப் பழைய வழிகாட்டி முதன்மையாகச் சொன்னது கட்டடங்களை அன்று. வழியில் யார் உங்களுக்குச் சோறு போடுவார்கள் என்பதைத்தான்.

மாமல்லபுரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை எழுதியவர்கள் அநேகர். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற கோட்டையையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். கடப்பாக்கத்தில் மட்டும் இடப்புறம் திரும்பி, உப்பங்கழியின் கரையில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1750-இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் அதைப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டுகளில், 1760-இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். நாணயம் அச்சிட்ட இடம் அது. துறைமுகமாக இருந்த இடம். இன்றைக்கு அங்கே செங்கல்லும் சுண்ணாம்பும் மணலும் தவிர வேறு ஒன்றும் இல்லை. மதிலின் கடலைப் பார்த்த முகத்தில் கையை வைத்துப் பாருங்கள். செங்கல் பொருபொருவென்று உதிர்ந்து உள்ளங்கையில் சிவப்புப் பொடி ஒட்டும். பீரங்கி இடித்தது போக எஞ்சியதை, இருநூற்றறுபது ஆண்டுகளாக உப்புக் காற்று நிதானமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

அந்த உப்பை நீங்கள் கண்ணாலேயே காண்பது மரக்காணத்தில். சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள். கழிநீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி மாற்றி விட்டு, வெயிலில் காய்ச்சிச் செறிவேற்றி, கடைசிப் பாத்தியில் பூத்து வரும் உப்பை நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் வரப்போரமாக வாரிக் குவிக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து தையில் பாத்திகளைச் செப்பனிடத் தொடங்கினால், அடுத்த மழை வரும் வரையில் அந்த வேலை ஓய்வதில்லை. முற்பகல் வெயிலில் அந்த வெள்ளைக் குவியல்களை நேரே பார்த்தால் கண் கூசும். வரப்பில் பத்து நிமிஷம் நின்றால் உதடு கரிக்கும். முழங்கால் வரை சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு அந்த நீரில் நின்று வாரும் பெண்களின் பாதங்களை நான் ஒரு தடவை அருகிலிருந்து பார்த்தேன். வெடித்த களிமண் தரைபோல அவற்றில் கோடுகள் ஓடியிருந்தன. படம் எடுப்பதற்காக வண்டியை நிறுத்துகிற நண்பர்கள், எடுத்து முடித்த பிறகு அவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டுச் சோற்றில் விழுகிற உப்பு அவர்களுடையது.

இந்த உப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காணப் புறப்பட்ட மஞ்சள் நிறம், இந்த உப்புக்கு ஓர் ஊர் சொல்லிவரும் பதில்.

புதுவையின் சரித்திரம் நீண்டது. அதில் உங்களுக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்லுகிறேன். 1674-இல் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மர்த்தேன் அங்கே நிலைகொண்டார். 1693-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள்; இன்று நீங்கள் நூல்பிடித்தாற்போல் நேராக ஓடுவதாக வியக்கும் வீதிகளின் திட்டம் அவர்கள் காலத்தில் வரையப்பட்டது. 1699-இல் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1761-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியிடமிருந்து அதைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். 1765-இலிருந்து பழைய அஸ்திவாரங்களின்மேலேயே ஊர் திரும்ப எழும்பியது. ஆகவே நாம் இன்று காணும் புதுவை, ஒரு முறை அழிந்து மறுபடி பிறந்த ஊர். நடுவே வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர்களும், மேற்கே தமிழர்களும் குடியிருந்தார்கள். 'வெள்ளை நகரம்', 'கறுப்பு நகரம்' என்று அந்தக் காலத்து ஆட்சியாளர் வைத்த பெயர்களில் முந்தியது மட்டும் இன்றும் விடுதிப் பலகைகளில் பெருமையோடு எழுதப்படுவதைக் காணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அந்தச் சுவர்கள் எதனால் ஆனவை? கடற்கரையிலும் கழியிலும் வாரிய கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டு, நீர் விட்டுத் தாளித்து, மணலோடு சேர்த்து அரைத்த சாந்து; வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீர் அதில் சேரும். மேற்பூச்சுக்கு மணல் கலவாத சுண்ணாம்பை வெண்ணெய்போல அரைத்து, முட்டை வெண்கருவைக் கலந்து, பூசிய பின் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல ஆக்குவார்கள். கடைசியில் மஞ்சள் காவிமண் கரைத்த சுண்ணாம்பு நீரை அடித்தால், அதுதான் உங்கள் மஞ்சள். கடலின் உப்பிலிருந்து வீட்டைக் காக்கக் கடலிலிருந்தே கிளிஞ்சலை எடுத்த அந்தப் பழைய அறிவை எண்ணும்தோறும் எனக்கு ஆனந்தம் உண்டாகிறது.

அந்த அறிவின் சூட்சுமத்தை எனக்கு விளக்கியவர் ஒரு கொத்தனார். வைசியாள் வீதியில் ஒரு பழைய வீட்டின் தூணுக்கு மேற்பூச்சு நடந்துகொண்டிருந்தபோது, நின்று வேடிக்கை பார்த்த என்னை அவர் உட்காரச் சொன்னார். கையில் கோழிமுட்டை அளவில் ஒரு கறுப்புக் கல்; பல வருஷங்கள் தேய்த்து அதன் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. ஈரப் பூச்சின்மேல் அதை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "செவுரு மூச்சு வுடணும் ஐயா. தரையிலேருந்து ஈரம் ஏறும், காத்துல உப்பு வரும். சுண்ணாம்பா இருந்தா உள்ள போனது வெளிய வந்து, மேல கொஞ்சம் பொரிஞ்சு வுழுந்துடும். வருஷம் ஒரு தரம் அடிச்சா தீந்துச்சு. சிமிட்டியப் பூசினா மூக்கப் பொத்தின மாதிரி." இதைச் சொல்லிவிட்டு அவர் தூணைக் காட்டினார். அதில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது.

சிமிட்டியைப் பற்றி அவர் அப்படிச் சொன்னபோது என் நெஞ்சு ஏன் கனத்தது என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

1962-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், பத்து வயதுப் பையனாக, திண்டிவனம் வழியே பஸ்ஸில் நான் முதன்முதலாகப் புதுவைக்குப் போனேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் பிரெஞ்சுப் பிரதேசங்கள் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தன. 1954 நவம்பர் முதல் தேதியே நிர்வாகம் கைமாறிவிட்டிருந்தது. என் அத்தையை அந்த ஊரில் கொடுத்திருந்தார்கள். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்து ஓய்வூதியம் வாங்குகிறவர். ஊரார் 'சொல்தா' என்று அழைக்கும் வகுப்பினர். வாய்க்காலுக்கு மேற்கே அவர்களுடைய வீடு. வீதியை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் சாய்ப்புக் கூரையோடு ஒரு தாழ்வாரம். மழையில் நனைகிற வழிப்போக்கர் யாராயினும் அங்கே ஒதுங்கலாம், கேட்க வேண்டியதில்லை. அதற்கு உள்ளே திண்ணை. அங்கே உட்காரத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். அதற்கு அப்பால் கதவு, நடை, முற்றம், கூடம். ஒரு வீடு தன்னை வீதிக்கு எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு வைத்துக்கொள்வது என்று படிப்படியாக நிர்ணயித்திருந்த அந்த நாகரிகத்தை அன்று நான் அறியவில்லை. வழுவழுப்பான திண்ணையில் குளிர்ச்சிக்காகக் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தேன்.

மார்கழி பிறந்தால் அந்த வீட்டில் வெள்ளையடிப்பு தொடங்கும் என்று அத்தை சொல்வாள். ஒரு வருஷம் அரையாண்டு விடுமுறையில் போனபோது நானே பார்த்தேன். பெரிய மண்தொட்டியில் சுண்ணாம்புக் கற்கள் கொதிக்க, பிள்ளைகளைக் கிட்ட வராதபடி அத்தை விரட்டுவாள். தென்னை மட்டையை நசுக்கிச் செய்த தூரிகையால் ஆட்கள் அடிக்கும்போது நிறம் ஒன்றுமே தெரியாது. சுவர் வெறுமனே நனைந்தாற்போல் இருக்கும். மத்தியானம் உலர உலர, உள்ளேயிருந்து ஒரு விளக்கை ஏற்றியதுபோல மஞ்சள் மெல்ல எழும்பி வரும். அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்கு, புதுவையின் நிறம் டப்பியில் வாங்கியதன்று என்பது தெரியும்.

மாமா காலமான பிறகு, அத்தையின் பிள்ளைகள் தாயாரின் சிரமத்தைக் குறைக்க எண்ணி, வருஷா வருஷம் வெள்ளையடிக்க வேண்டாமல் இருப்பதற்காகச் சுவர் முழுவதும் சிமிட்டி பூசி, அதன்மேல் எண்ணெய் வர்ணம் அடித்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். ஊரில் அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு வருஷம் வீடு புதுமணப்பெண்போல இருந்தது. மூன்றாவது மழையில் சுவர் உள்ளுக்குள் ஊதி, வர்ணம் தோல்போலப் பிரிந்து தொங்கிற்று. சுவருக்குள் சிறைப்பட்ட ஈரம் மேலே ஏறி, மச்சைத் தாங்கிய உத்தரங்களின் முனைகளை அழுக வைத்தது. பிறகு பழுது பார்க்கும் செலவைக் கணக்கிட்டு, விற்றார்கள். வாங்கியவர் இடித்தார். அந்த வீதியில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்பவை. எங்கள் வீட்டை இடித்தபோது, நூறு வருஷமாக மழையே காணாத பக்கத்து வீட்டுச் சுவர் திறந்து நின்று, அடுத்த ஐப்பசியில் அதுவும் விரிசல் கண்டது. அத்தை வீடு இருந்த இடத்தில் இன்று கண்ணாடி முகப்போடு ஒரு கான்கிரீட் கட்டடம் நிற்கிறது. உங்களுக்கு எழுதக் கடமைப்பட்டவன் என்று நான் சொன்னதன் காரணம் இதுதான். எங்கள் குடும்பம் அந்த ஊரின் ஒரு வீட்டை இழக்கச் செய்த குடும்பம்.

தனி வீடுகளுக்கு மட்டும் நேர்ந்த கதியென்று நினைக்க வேண்டாம். கடற்கரையைப் பார்த்து 1870-71-இல் கட்டப்பட்ட 'மேரி' என்ற நகராட்சி மாளிகை, பழுது பார்ப்பாரின்றி நலிந்து நலிந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். கட்டியவர்களைப் பாராட்டுகிறேன், இருந்தாலும் அதன்முன் நிற்கும்போதெல்லாம், விழுவதற்கு முன் அதற்கு வேண்டியிருந்த சுண்ணாம்பின் விலையைத்தான் மனம் கணக்கிடுகிறது.

கடற்கரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மணலில் கால் புதைய நடக்கலாமென்று வருகிறவர்கள், காந்தி சிலையைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய கல்தூண்களுக்கு அப்பால் கருங்கற் குவியலைக் கண்டு ஏமாறுகிறார்கள். என் பிள்ளைப் பிராயத்தில் அங்கே மணல் இருந்தது. நம்முடைய கிழக்குக் கரையில் அலையோடு மணலும் பிரயாணம் செய்கிறது. வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகும், வாடைக்காற்றுக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். 1980-களின் பிற்பகுதியில், ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் நீட்டியதும், வழியில் வரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த ஊருக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. இருந்ததைக் கடல் கொண்டுபோயிற்று. ஊரைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்து, மீனவர் குப்பங்களின் வாசலுக்கு வந்தது. வலை உலர்த்த இடமின்றிப் போன அந்தக் குப்பத்து ஜனங்களின் துயரம் ஒருவர் வார்த்தையில் அடங்குவதன்று. சில வருஷங்களுக்கு முன், சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை அமைத்ததன் பயனாக அங்கே ஒரு துண்டு மணற்கரை மறுபடி சேர்ந்திருக்கிறது. மாலையில் அதில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்தபோது, கைவிட்டுப் போனதென்று நினைத்த ஒன்று திரும்ப வரக்கூடும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டாயிற்று.

இனி, ஊருக்குள் நீங்கள் போக வேண்டிய திசை. கிழக்குப் பக்கத்தை நீங்களே பார்த்துவிடுவீர்கள். ஊரார் 'கப்ஸ் கோயில்' என்று சொல்லும் மாதா கோயிலையும், ஆசிரமத்துக் கட்டடங்களின் சாம்பல் நிறத்தையும், உயர்ந்த மதில்களுக்குள் ஒளிந்த தோட்டங்களையும் காட்ட ஆள் வேண்டாம். வாய்க்காலைக் கடந்து மேற்கே வாருங்கள். மஞ்சளோடு நீலமும் பச்சையும் செம்மண் நிறமும் கலந்து வீடுகள் வரிசையாக நிற்கும் வைசியாள் வீதிக்கு, கல்வே சுப்பராய செட்டி வீதி என்றும் பெயர். அதன் ஒரு பகுதியின் வீட்டு முகப்புகளை, தாழ்வாரம் திண்ணை மாறாமல், வீட்டுக்காரர்களோடு சேர்ந்து செப்பனிட்ட காரியத்துக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது ஒன்று கிடைத்தது. வீதி என்பது காட்சிப்பொருளாகாமல் வாழ்விடமாகவே இருந்துகொண்டு அழகாகவும் இருக்க முடியும் என்பதற்கு நான் கண்ட உத்தமமான திருஷ்டாந்தம் அது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் கடைந்த மரத்தூண்கள் சூழ்ந்த தமிழ் முற்றம். மேல்தளத்தில் பிரெஞ்சு முறையில் உருண்டைக் காரைத் தூண்கள். இரண்டு உலகங்களுக்கு நடுவே துபாஷியாக நின்று, 1736-இலிருந்து தம் இறுதிநாள் வரை கப்பல் வந்ததையும் சலங்கு போனதையும் துரைகளின் கோபதாபங்களையும் தமிழில் எழுதிவைத்த அந்த மனிதர், நகரம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு, 1761 ஜனவரியில் காலமானார். 1748-இல் துய்ப்ளேக்ஸ் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கிறார். அந்த ஈசுவரனுக்கு ஊரார் பின்னர் எழுப்பிய கோயிலுக்கு அருகிலேயே, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில், பாரதியார் குடியிருந்த வீடும் இருக்கிறது. 1908-இலிருந்து 1918 வரை பத்தாண்டுகள் அவர் இந்த ஊரில் அடைக்கலம் புகுந்திருந்தார்; பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பிறந்தது இங்கேதான். சற்றுத் தூரத்தில், 1891-இல் இதே ஊரில் பிறந்த பாரதிதாசனின் வீடு. கடற்கரையில் நிற்கும் துய்ப்ளேக்ஸ் சிலையோடு படம் எடுத்துக்கொள்கிறவர்கள், இந்த இரண்டு வீடுகளின் படியையும் மிதித்துவிட்டுப் போனால் என் உள்ளம் குளிரும்.

போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். சென்ற தை மாதம், மேற்கு வீதி ஒன்றில் ஒரு நீலக் கதவின் முன்னே நான்கைந்து பேர் நின்று மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில், வாளியும் கோலமாவுக் கிண்ணமுமாக ஓர் அம்மாள் காத்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் ஆயிற்று. அவர் கோபிக்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா கோலத்தைப் போட்டுட்டுப் போயிடுவேம்மா" என்றார். அந்தப் பெண்கள் முகம் சிவந்து விலகிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி வாளியை வாங்கித் தானே தண்ணீர் தெளித்தாள். பிறகு அந்த அம்மாள் அவர்களை உள்ளே அழைத்து மோர் கொடுத்தார். என்னையும் அழைத்தார். முற்றத்தின் சுவர் சுண்ணாம்புச் சுவர், கைவைத்தேன், குளிர்ந்திருந்தது. இந்த வருஷம் அடிக்க ஆள் கிடைக்கவில்லை, கூலியும் கட்டுப்படியாகவில்லை என்றார். மோரைக் குடித்துக்கொண்டே நான் நத்தத்தனாரை நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. தங்குவதானால், செப்பனிட்டுக் காப்பாற்றப்பட்ட பழைய வீடு எதிலாவது தங்குங்கள். நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு சுண்ணாம்பாகச் சுவருக்குப் போகும். வண்டியை வீதிகளுக்குள் கொண்டு வராமல் வெளியே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஒருவர் வீட்டுத் திண்ணை உங்கள் கண்ணுக்கு எத்தனை அழகாகப் பட்டாலும், உள்ளே குரல் கொடுத்து அனுமதி பெற்ற பிறகே உட்காருங்கள். உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ, புதுவையில் மட்டுமல்ல, நாகையிலோ காரைக்காலிலோ தரங்கம்பாடியிலோ ஒரு பழைய சுண்ணாம்பு வீடு இருந்தால், சிமிட்டி பூசுவதற்கு முன் ஒரு வயதான கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மார்கழிக் கடைசியில் போக முடிந்தால் மிகவும் நல்லது. பொங்கலுக்கு முந்திய பத்து நாட்களில், வாய்க்காலுக்கு மேற்கே சில வீடுகளில் இன்னமும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். காலையில் அடிப்பார்கள், நிறம் தெரிய மத்தியானம் ஆகும். அதுவரை காத்திருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் சகபிரயாணி